செயலியின் துயிலும் வேகமும்

ஒரு பணியை விரைந்து முடிப்பது வேறு. அதனை விரைந்து தொடங்குவது வேறு. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையை உணராதவிடத்து, பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய பொறியும் மந்தகதியிலே இயங்குவதாகத் தோன்றும். சேவையகக் கணினிகளைப் பராமரிப்போர் பலர் இத்தோற்றத்தைக் கண்டு மயங்குவதுண்டு. ஆதலால், லினக்சு இயங்குதளத்தில் ஓடும் ஒரு சேவையகத்தின் மத்திய செயலியை முழுத் திறனும் வெளிப்படுமாறு அமைத்துக்கொள்ளும் முறை யாது, அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பன குறித்து இப்பேச்சில் ஆராய்வோம்.

சேவையகம் என்பது பலர் கேட்கும் தகவலைப் பலருக்கும் எடுத்து வழங்கும் கணினியாகும். பரீட்சைப் பெறுபேறு, மருத்துவமனைப் பதிவேடு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு ஆகியன யாவும் இன்று இத்தகைய கணினிகளிலேயே தங்கியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை, 1991ஆம் ஆண்டில் லினசு தோர்வால்ட்சு என்னும் பின்லாந்து மாணவர் தொடக்கிவைத்த லினக்சினால் இயங்குவன. நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்ததோர் உதாரணமுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலாய கரையூர்களை அழித்துச் சென்றபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிந்துகொள்வதற்கென இலங்கையின் மென்பொருள் வல்லுநர் சிலர் தொண்டர்களாகக் கூடிச் 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். கட்டற்ற மென்பொருட் கருவிகளைக் கொண்டே அது கட்டியெழுப்பப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயன்மிக்க திட்டத்துக்கென வழங்கும் விருதும் 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. உற்றாரின் பெயரைத் தேடி ஒருவர் ஒரு கணினிமுன் காத்திருக்கும் வேளையில், அக்கணினி விடை கூறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று என்பதை இவ்வுதாரணம் உணர்த்தும்.

செயலி எப்பொழுதும் தன் முழு வேகத்தில் இயங்குவதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். செயலியினுள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய ஆளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் அவற்றுட் பல திறந்து மூடுகின்றன. இவ்வியக்கத்துக்குச் செலவாகும் வலு துடிப்பின் மீடிறனுக்கு நேர்விகிதமாகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் இருக்கும். எனவே மீடிறனைப் பாதியாக்கி, அதனோடு மின்னழுத்தத்தையும் ஐந்திலொரு பங்கு குறைப்போமாயின், வலு பாதியாகக் குறைவதோடு நில்லாது, முன்னையதில் நூற்றுக்கு 32 பங்காகவே சுருங்கிவிடும். வேகத்திற் பாதியை விட்டுக்கொடுத்துச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மீதப்படுத்தலாம் என்பது எவரையும் கவரத்தக்க வாணிபமன்றோ?

மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினிகளுக்கே இவ்வாணிபம் முதலில் தேவைப்பட்டது. 1996ஆம் ஆண்டில் இன்டெல், மைக்ரோசாப்டு, தோசிபா ஆகிய நிறுவனங்கள் கூடி, இயங்குதளமே வலுவை ஆளுவதற்கான ஏசிபிஐ என்னும் பொது விதியொன்றை வெளியிட்டன. 2000ஆம் ஆண்டில் இன்டெல் தன் மடிக்கணினிச் செயலிகளுக்கு 'ஸ்பீட்ஸ்டெப்' என்னும் வசதியை அளித்தது. அறை முழுவதும் கணினிகளை அடுக்கிவைத்து இரவும் பகலும் இயக்கும் தகவல் நிலையங்கள் பெருகி, அவற்றின் மின்கட்டணமும் குளிரூட்டற் செலவும் பெருகவே, மடிக்கணினிக்கென எழுந்த சிக்கனம் சேவையகத்துக்கும் வந்து சேர்ந்தது. இன்று சேவையகமொன்றை வாங்கி லினக்சை நிறுவும்போது, நாம் கேளாமலே இச்சிக்கனமும் உடன் வருகின்றது.

இச்சிக்கனம் இருவகைப்படும். ஒன்று, வேலை செய்யும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்வது. இதனைப் பீ-நிலைகள் என்பர். மற்றொன்று, வேலையில்லாதபோது துயில்வது; இதனைச் சீ-நிலைகள் என்பர். சீ-சுழியம் என்பது விழிப்பு. சீ-1 என்பது கண்ணயர்வு; துடிப்பு நின்றிருக்கும், மற்றவை யாவும் ஆயத்தமாகவே இருக்கும். சீ-6 என்பது ஆழ்ந்த துயில். செயலியின் அக்கரு தன் நிலையைக் குறித்துவைத்துவிட்டு ஏறக்குறைய முழுவதும் அணைந்திருக்கும். துயிலின் ஆழத்துக்கேற்ப, விழித்தெழுவதற்கு வேண்டிய நேரமும் மிகும். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் சேவையகச் செயலிகளுக்கென லினக்சு வைத்திருக்கும் அட்டவணையிலே, சீ-1 நிலையிலிருந்து எழுவதற்கு 2 மைக்ரோசெக்கனும், சீ-6 நிலையிலிருந்து எழுவதற்கு 133 மைக்ரோசெக்கனும் குறிக்கப்பட்டுள்ளன. 133 மைக்ரோசெக்கன் நமக்கு ஒரு பொருட்டன்று. ஆயினும் செக்கனுக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலிக்கு அஃது ஏறத்தாழ 4 இலட்சம் துடிப்புகளின் இழப்பாகும்.

எம் மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ளோர்க்கு இதனை விளக்குதல் எளிது. மக்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை இப்பகுதியிற் 'பாதை' என்று வழங்குவர். மண்டூருக்கும் குறுமண்வெளிக்கும் இடையிலான துறை பலரும் அறிந்தது. அத்துறையில் ஆள்வரவு மிகுந்த காலை வேளையிலே பாதை ஓயாது போய்வரும்; சென்றவர் உடனே ஏறிக் கடப்பர். நடுப்பகலில் ஒருவர் தனியே வந்து நிற்பாராயின், ஓட்டுபவர் மரநிழலில் அயர்ந்திருக்கக்கூடும். அவரை அழைத்து, அவர் எழுந்து வந்து, கட்டவிழ்த்துப் புறப்படுமுன் கடந்துசெல்லும் நேரம், வாவியைக் கடக்கும் நேரத்தினும் மிக்கதாகலாம். பாதையின் வேகத்தில் எக்குறையுமில்லை. காத்திருப்பு முழுவதும் கரையிலேயே நிகழ்ந்துவிடுகின்றது.

சேவையகமும் இவ்வாறே நடந்துகொள்ளும். கேள்விகள் ஓயாது வந்துகொண்டிருக்கும்போது செயலி விழித்திருக்கும்; வேகமும் உயர்ந்திருக்கும்; ஒவ்வொரு கேள்விக்கும் விரைந்து விடை கிடைக்கும். கேள்விகள் இடையிட்டு ஒவ்வொன்றாக வரும்போதோ, ஒவ்வொன்றும் துயிலும் செயலியின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். ஒரு கேள்வி வலைச் சேவை, தரவுத்தளம் என்றிவ்வாறு பத்துப் படிகளைக் கடந்து, ஒவ்வொரு படியிலும் ஆழ்துயிலில் இருக்கும் கருவொன்றை எழுப்ப நேருமாயின், எழுப்புதலுக்கே ஒரு மில்லிசெக்கனுக்கு மேற் சென்றுவிடும். வேலை மிகுந்தபோது சுறுசுறுப்பாகவும் வேலை குறைந்தபோது மந்தமாகவும் இருக்கும் இம்முரண்பாட்டைக் கண்டு, 'இயந்திரத்திலே பழுதுண்டு' என்று முடிவுகட்டுவோர் உளர். பழுது யாதுமில்லை, கட்டளைப்படியே அது சிக்கனஞ் செய்கின்றது.

இனி, வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரியைக் காண்போம். நெல் ஆலையின் எஞ்சினிலே, பாரம் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பைக் 'கவர்னர்' என்று நம் தொழிலாளர் அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். நீராவி எஞ்சினுக்கு அத்தகைய கருவியை 1788ஆம் ஆண்டளவில் ஜேம்சு உவாற்று பொருத்தினார். லினக்சிலும் செயலியின் வேகத்தை ஆளும் பகுதிக்குக் கவர்னர் என்பதே பெயர். ஒன்றன்று, பல உண்டு. 'பெர்ஃபாமன்ஸ்' என்பது எப்பொழுதும் உச்ச வேகத்தையே கேட்கும். 'பவர்சேவ்' என்பது எப்பொழுதும் மிகத் தாழ்ந்த வேகத்தைக் கேட்கும். 'ஆன்டிமாண்ட்' என்பது தேவையை அளந்து ஏற்றியிறக்கும். 'கன்சர்வேட்டிவ்' என்பது அதனையே படிப்படியாகச் செய்யும்.

இவற்றுள் ஆன்டிமாண்டின் வரலாறு கவனத்துக்குரியது. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த வெங்கடேசு பள்ளிப்பாடி, அலெக்சி ஸ்தாரிகோவ்ஸ்கி ஆகிய இருவரும் அதனைப்பற்றி 2006ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் நடைபெற்ற லினக்சு மாநாட்டில் ஆய்வுரையொன்றை அளித்தனர். செயலி எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது, எவ்வளவு நேரம் ஓய்ந்திருந்தது என்பதைக் குறித்த இடைவேளைகளில் அளந்து, வேலை நூற்றுக்கு 80 போன்றதோர் எல்லையைக் கடந்தால் உடனே உச்ச வேகத்துக்குத் தாவுவதே அதன் நெறி. அடுத்த ஆண்டில் அதே மாநாட்டிற் பள்ளிப்பாடியும் வேறிருவரும் துயில்நிலைகளை ஆளும் பகுதியைப்பற்றி உரையளித்தனர். 'ஒன்றும் செய்யாதிருத்தலைத் திறமையாகச் செய்தல்' என்பதே அவ்வுரைத் தலைப்பின் கருத்தாகும். 2016ஆம் ஆண்டில் லினக்சின் 4.7ஆம் பதிப்பிலே 'ஷெட்யூட்டில்' என்னும் கவர்னர் சேர்ந்தது. வேலைகளைப் பங்கிடும் பகுதியிடமிருந்தே தேவையை நேராகக் கேட்டறிவதால், அளந்து அறிவதற்காகக் காத்திருக்கும் குறை இதிற் பெரிதும் நீங்கிற்று.

இவை யாவும் மிக்க அறிவோடு அமைந்தவையே. ஆயினும் இவற்றுக்குப் பொதுவானதோர் எல்லையுண்டு: நடந்ததைக் கொண்டு நடக்கப்போவதை ஊகிப்பவை இவை. நீண்ட நேரம் செல்லும் வேலைக்கு அவ்வூகம் போதும். வந்தவுடன் முடிந்துவிடும் சிறு வேலைக்கு, அதிகாரி தீர்மானித்து வேகத்தை உயர்த்துமுன் வேலையே முடிந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு கணத்தையும் பொருட்படுத்தும் சேவையகத்துக்கு ஊகத்தை விலக்கி, 'எப்பொழுதும் ஆயத்தமாயிரு' என்று ஆணையிடுதல் தகும்.

அவ்வாணையை இடும் முறையை வரிசையாகக் கூறுவோம். முதலாவதாக, கணினி தொடங்கும்போது தோன்றும் பயாஸ் அமைப்பிலே வலு குறித்த பகுதியை நோக்குதல் வேண்டும். அங்கே சிக்கன முறை தெரிவுசெய்யப்பட்டிருப்பின், லினக்சில் நாம் செய்வன யாவும் ஓரளவே பயன்தரும். உச்சத் திறனையோ, இயங்குதளத்தின் ஆளுகையையோ அங்கே தெரிதல் வேண்டும். இரண்டாவதாக, 'சிபியுபவர்' என்னும் கருவியைக் கொண்டு இப்போதுள்ள கவர்னர் எது என அறிந்து, அதனைப் பெர்ஃபாமன்ஸ் என மாற்றுதல் வேண்டும். மூன்றாவதாக, துயிலின் ஆழத்துக்கு எல்லையிடுதல் வேண்டும். இதனைப் பலரும் மறந்துவிடுவர். கவர்னர் ஆளுவது விழித்திருக்கும்போதுள்ள வேகத்தை மட்டுமே. துயிலை ஆளுவது வேறொரு பகுதி. கவர்னரை மாற்றியும் மந்தம் நீங்கவில்லை என முறையிடுவோர் பெரும்பாலும் இம்மூன்றாம் படியைச் செய்யாதவரே. சீ-1க்கு அப்பாற் செல்லாதே எனச் சிபியுபவர் கருவியாலேயே கட்டளையிடலாம். அல்லது 'டியூன்டி' என்னும் சேவையிலுள்ள, தாமதத்தைக் குறைப்பதற்கென ஆக்கிய தொகுப்பைத் தெரிவுசெய்யலாம். அத்தொகுப்பு கவர்னரையும் துயிலெல்லையையும் ஒருங்கே அமைத்துக்கொடுக்கும்.

ஈண்டு பெயர் மயக்கமொன்றைச் சுட்டுதல் அவசியம். 2013ஆம் ஆண்டு முதல் இன்டெல் செயலிகளுக்கென லினக்சிலுள்ள 'இன்டெல் பீ-ஸ்டேட்' என்னும் தனிப்பகுதி தானே வேகத்தை ஆளும்போது, பெர்ஃபாமன்ஸ், பவர்சேவ் என்னும் இரண்டையே காட்டும். அங்கே பவர்சேவ் என்பது தாழ்ந்த வேகத்திற் கட்டிவைப்பதன்று. தேவைக்கேற்ப ஏறியிறங்கும் முறையே அப்பெயரால் வழங்குகின்றது. பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதேபோழ்து, அதனோடு இணைந்த விருப்பக் குறியீட்டைத் திறன் பக்கமாகத் திருப்புவதனால், முழுச் சிக்கனத்தையும் கைவிடாமலே பெரும்பயன் பெறவும் கூடும்.

நான்காவதாக, இவ்வமைப்பு கணினி மறுபடியும் தொடங்கும்போது நிலைத்திருக்குமாறு செய்தல் வேண்டும். கைவழியாக இட்ட கட்டளை, கணினி நின்றவுடன் அழிந்துவிடும். நம் நாட்டில் இஃது அற்ப விடயமன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாம் மறக்கவில்லை. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்ததாகக் கூறப்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்திற்று. மின்சாரம் போய் மீண்ட ஒவ்வொரு முறையும் சேவையகம் பழைய சிக்கன முறைக்கே திரும்புமாயின், முன்பட்ட பாடு வீணாகும். டியூன்டி போன்ற சேவையின் மூலம் அமைத்தால், தொடங்கும்போதெல்லாம் அது தானாகவே நடைமுறைக்கு வரும்.

மற்றொன்றும் அறிதற்பாலது. ஒரே பெருங்கணினிக்குள் பல மெய்நிகர்க் கணினிகளை இயக்கும் முறை இன்று பெருவழக்கு. வாடகைக்குப் பெறும் சேவையகங்களுட் பல அத்தகையன. அவற்றினுள்ளே கவர்னரைத் தேடினாற் காணக்கிடைப்பது அரிது. அதிகாரம் அடியிலுள்ள கணினியிடமே இருக்கும். அங்ஙனமாயின் கேட்க வேண்டியது அதனை நடத்துவோரையே.

இத்துணையும் கூறியபின், எல்லாக் கருக்களையும் எப்பொழுதும் விழித்திருக்கச் செய்வதே உச்சத் திறன் என்று எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் செயலிகள் முதலாக 'டர்போ' என்னும் வசதி உண்டு. குறித்த அடிப்படை வேகத்துக்கும் மேலாக, வெப்பமும் வலுவும் இடங்கொடுக்கும் வரையிற் செயலி தன்னை உயர்த்திக்கொள்ளும். அவ்விடம் எங்கிருந்து கிடைக்கின்றது? வேலையின்றித் துயிலும் ஏனைய கருக்கள் விட்டுக்கொடுத்த பங்கிலிருந்தே கிடைக்கின்றது. யாவரையும் விழித்திருக்கச் செய்தால் அப்பங்கு சுருங்கும்; தனியொரு கருவிலே நடைபெறும் கனத்த வேலை முன்னையிலும் மெதுவாகக்கூடும். ஆகவே, சிறு கேள்விகள் பலவற்றுக்கு உடனுக்குடன் விடை கூறுவதே நோக்கமாயின் ஆழ்துயிலைத் தடுத்தல் நன்று; நீண்ட கணிப்பொன்றை விரைவில் முடிப்பதே நோக்கமாயின் ஏனையவை துயிலட்டும் என விடுதல் நன்று. இரண்டுக்கும் பொதுவான உச்சம் என ஒன்றில்லை.

வெப்பமும் அவ்வாறே. கடலும் வாவியும் சூழ்ந்த எம் போன்ற ஊர்களில் காற்று வெம்மையும் ஈரமும் பொருந்தியது. விசிறியிலும் வெப்பத்தகட்டிலும் தூசி படிந்து, அறையிற் காற்றோட்டமுமின்றி இருப்பின், உச்ச வேகத்துக்கு ஆணையிட்ட சில நிமிடங்களில் செயலி தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தானே வேகத்தைத் தாழ்த்திவிடும். அமைப்பை மாற்றுமுன் தூசியைத் துடைத்தல் செலவில்லாத மருந்தாகும்.

விலையையும் கணக்கிடுவோம். ஓய்வு நேரத்திலும் விழித்திருப்பதனால் ஒரு சேவையகம் மேலதிகமாக 50 உவாற்று செலவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1.2 அலகு, 30 நாளுக்கு 36 அலகு, ஆண்டொன்றுக்கு 438 அலகு. அவ்வெப்பத்தை அகற்றும் குளிரூட்டியின் செலவு வேறு. மின்வெட்டின்போது தாங்கும் மின்கலத் தொகுதி 600 உவாற்று-மணி தரவல்லதெனின், 150 உவாற்றில் இயங்கும் கணினியை அது 4 மணித்தியாலம் காக்கும். 200 உவாற்றாயின் 3 மணித்தியாலமே காக்கும். ஊர் இருளிற் கிடக்கும் வேளையில் அந்த ஒரு மணித்தியாலம், சில மைக்ரோசெக்கன்களிலும் பெறுமதி மிக்கதாகலாம். இரண்டையும் பேணுவதற்கு வழியுண்டு. மின்கலத் தொகுதியைக் கண்காணிக்கும் 'நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ்' என்னும் கட்டற்ற மென்பொருள், மின்சாரம் நின்றதும் நாம் குறித்த கட்டளையை நிறைவேற்றும் ஆற்றலுடையது. மின்சாரம் உள்ளபோது முழுத் திறன், மின்கலத்தில் ஓடும்போது சிக்கனம் என அதனைக்கொண்டு அமைத்துவிடலாம்.

இறுதியாக, அளந்தறிதல். அமைப்பை மாற்றுமுன்னும் மாற்றியபின்னும், வழக்கமான நாளொன்றில் விடைகள் எவ்வளவு நேரத்திற் கிடைத்தன எனக் குறித்தல் வேண்டும். சராசரியை மட்டும் நோக்குதல் போதாது; நூறு கேள்விகளுள் மிகத் தாமதித்த ஒன்று எவ்வளவு தாமதித்தது என்பதையும் நோக்குக. துயிலின் தடயம் அங்கேதான் காணப்படும். செயலி எந்நிலையில் எவ்வளவு நேரம் கழித்தது என்பதை 'டர்போஸ்டாட்' என்னும் கருவி எடுத்துக்காட்டும். தாமதம் வட்டிலிருந்தோ வலையிலிருந்தோ நினைவகப் பற்றாக்குறையிலிருந்தோ வருவதாகத் தெரிந்தால், செயலியை விழிக்கவைத்துப் பயனில்லை. மின்கட்டணம் ஒன்றே உயரும்.

ஆகவே, சேவையகத்தைப் பொறுப்பிற் கொண்டிருக்கும் அன்பர்கள் முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: இக்கணினியின் முன் காத்திருப்பவர் யார், அவருக்கு எத்துணைத் தாமதம் பொறுக்கும்? இரவிலே கணக்குகளைத் தொகுக்கும் கணினிக்குச் சிக்கனமே சிறப்பு. நோயாளியின் பதிவை மருத்துவர் கேட்கும் கணினிக்கும், வெள்ள அறிவித்தலை ஊர் கேட்கும் கணினிக்கும் விழிப்பே சிறப்பு. பெறுபேறு வெளியாகும் நாளில் விழித்தும், ஏனைய நாட்களிற் சிக்கனமாயும் இருக்க வேண்டிய கணினிகளும் உண்டு. கட்டளைகளோ ஒரு மணித்தியாலத்திற் கற்றுக்கொள்ளத்தக்கவை. காத்திருப்பவரை நினைந்து அவற்றைப் பயன்படுத்துவோமாயின், கைவசமுள்ள பழைய கணினியிலிருந்தே போதிய பயனைப் பெற்றுவிடலாம். புதிய கணினிக்கெனப் பணந்தேடும் தேவை பல இடங்களில் எழாது.